அம்மாவோ அப்பாவோ பிள்ளையோடு மட்டும் போகும் கோடைக் கார் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்பமே காரில் போவதற்கும், அம்மாவோ அப்பாவோ பிள்ளையை மட்டும் ஏற்றிக்கொண்டு சில நாள் கிளம்புவதற்கும் வித்தியாசம் ஒன்றுதான்: பக்கத்து இருக்கையில் இன்னொரு பெரியவர் இல்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுக்க, வழி பார்க்க, கண் சொக்கினால் ஸ்டியரிங்கை வாங்கிக்கொள்ள ஆள் கிடையாது. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை அந்த ஒரு குறையைச் சுற்றித்தான் வருகின்றன.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓட்டலாம்?

ஐந்து வயதுப் பிள்ளை என்றால் சக்கரம் உருளும் நேரம் 4 மணி. பத்து வயதுக்கு மேல் 5, மிஞ்சிப்போனால் 6. தனியாக ஓட்டுபவருக்கு அதற்கு மேல் வேண்டாம்.

கைபேசி வரைபடம் காட்டும் நேரத்தை நம்பி விடுதியைப் பதிவு செய்வதுதான் முதல் தவறு. அது நிற்காமல் ஓட்டும் நேரம். 4 மணி என்று காட்டினால் 6 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 15 முதல் 20 நிமிடம், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், எரிபொருளுக்குக் கால் மணி, "இப்பவே போகணும்" என்று நடுவழியில் வரும் அவசரத்துக்குக் கால் மணி. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். முதல் நாள் தூரம் இதிலும் குறைவாக இருக்கட்டும். கிளம்பும் நாள் எப்போதும் தாமதமாகும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ காரைத் தொடாமல் ஓர் ஊரிலேயே இருப்பது நல்லது.

கைக்குழந்தை என்றால் கணக்கே வேறு. சாய்ந்த இருக்கையில் தொடர்ந்து 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. கழுத்து இன்னும் நிற்காத குழந்தையின் தாடை மார்பில் இடித்தால் மூச்சுப் பாதை மடங்கும். பின்னால் பார்த்த இருக்கையில் அது நடப்பது ஓட்டுபவர் கண்ணில் படாது.

விடியற்காலை கிளம்பினால் பிள்ளை தூங்கிக்கொண்டே வரும், வெயிலும் இருக்காது. நல்ல யோசனைதானே?

பாதி நல்லது. பிள்ளை தூங்கும், சாலை காலியாக இருக்கும். ஆனால் தினமும் ஆறரைக்கு எழும் உடம்பை மூன்று மணிக்கு எழுப்பி ஓட்டச் சொன்னால் அது கேட்காது. பின்னிரவு 2 முதல் 6 வரையும், மதியம் 2 முதல் 4 வரையும் விழிப்பு தானாகவே தாழும் நேரம். முந்தைய இரவு மூட்டை கட்டியதில் தூக்கமும் போயிருக்கும். போதாக்குறைக்கு, பிள்ளை தூங்கும் காரில் பேச்சும் இல்லை, பாட்டும் இல்லை. ஓட்டுபவரைத் தாலாட்டுவது போலத்தான்.

வழக்கமாக எழும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் எழுவது சரியான இடைநிலை. சாமான்கள் முந்தைய மாலையே காரில் ஏறியிருக்க வேண்டும்.

ஓட்டும்போது கண் சொக்கினால் என்ன செய்வது?

கண்ணாடியை இறக்குவது, பாட்டைக் கூட்டுவது, கன்னத்தில் தண்ணீர் தெளிப்பது எல்லாம் சில நிமிடத்துக்குத்தான். வேலை செய்வது இரண்டே: 15 முதல் 20 நிமிடக் குட்டித் தூக்கம், அதற்கு முன் ஒரு காபி. காபி உடம்பில் ஏற ஏறக்குறைய அரை மணி நேரமாகும். குடித்த கையோடு கண்ணை மூடினால் எழும் நேரத்தில் அதுவும் சேர்ந்து வேலை செய்யும்.

இங்கேதான் தனி ஆள் என்பது உறைக்கும். விழித்திருக்கும் ஐந்து வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்கள் தூங்க முடியாது. வெயிலில் நிற்கும் காருக்குள் இருவரும் தூங்குவதும் ஆபத்து. ஆகவே பிள்ளை தூங்கும்போது நிழலான, ஆள் நடமாட்டமுள்ள இடம் பார்த்து நீங்களும் தூங்குங்கள். அதற்கு வழியில்லை என்றால் அன்றைய பயணத்தை அருகில் உள்ள ஊரிலேயே முடித்துக்கொள்ளுங்கள். விடுதி முன்பணம் போகும், போகட்டும்.

ஒரு சின்ன விஷயம்: ஏ.சி.யை உள்காற்றுச் சுழற்சியிலேயே மணிக்கணக்கில் விட்டால் மூச்சுக்காற்றின் கரியமில வாயு காருக்குள் சேர்ந்து மந்தம் தட்டும். கார் குளிர்ந்ததும் வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள்.

குழந்தை இருக்கையை இதற்கு மேல் என்ன பார்ப்பது? தினமும் அதில்தானே உட்காருகிறது?

தினமும் உட்காருவதால்தான் பார்க்க வேண்டும். பட்டை தளர்ந்திருக்கும், பிள்ளை வளர்ந்திருக்கும், யாராவது கழற்றி மாட்டியிருப்பார்கள்.

இருக்கையின் அடிப்பகுதியில், பெல்ட் நுழையும் இடத்தைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டுங்கள். 2.5 செ.மீ.க்கு மேல் நகர்ந்தால் கட்டு தளர்வு. இருக்கையின் மேல் முனையைப் பிடித்து ஆட்டிவிட்டுப் பயப்பட வேண்டாம், மேல்பகுதி கொஞ்சம் ஆடத்தான் செய்யும். முன்னோக்கிய இருக்கைக்கு மேல்பட்டை (இருக்கையின் மேல்பகுதியைக் காரோடு இணைக்கும் பட்டை) கொடுத்திருந்தால் அதையும் மாட்டுங்கள். பெரும்பாலானோர் விட்டுவிடுவது அதைத்தான். மோதும்போது தலை முன்னால் பாயும் தூரத்தைக் குறைப்பதே அதன் வேலை.

அடுத்து தோள்பட்டை. பிள்ளையை உட்காரவைத்துப் பூட்டி, தோளெலும்புக்கு மேலே பட்டையை இரு விரலால் நெடுக்குவாக்கில் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலில் சிக்கினால் இன்னும் இழுக்க வேண்டும், வழுக்கினால் சரி. பின்னோக்கிய இருக்கையில் பட்டை தோளுக்கு நேராகவோ கீழிருந்தோ வர வேண்டும். முன்னோக்கியதில் தோளுக்கு நேராகவோ மேலிருந்தோ வர வேண்டும். இதை மாற்றி வைத்திருக்கும் கார்கள் நிறைய.

பின்னோக்கிய இருக்கையை, ஏர்பேக் இயங்கும் நிலையிலுள்ள முன்பக்க இருக்கையில் ஒருபோதும் வைக்காதீர்கள். "தனியாகத்தான் போகிறோம், பக்கத்திலேயே இருக்கட்டும்" என்ற ஆசை இந்த மாதிரிப் பயணத்தில்தான் வரும். விரியும் ஏர்பேக் இருக்கையின் முதுகில் இடிக்கும், அதற்கு நேர் பின்னால் குழந்தையின் தலை இருக்கிறது.

உயர்த்தி இருக்கையை (கார் பெல்ட் பொருந்தும்படி பிள்ளையை உயர்த்தும் பூஸ்டர்) எப்போது விடலாம் என்றால், வயதை விட உடம்பைப் பாருங்கள். முதுகு முழுவதும் சாய்ந்திருக்க, முழங்கால் இருக்கை விளிம்பில் மடங்கி, பாதம் தரையில் படிய வேண்டும். கீழ்ப் பெல்ட் வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில் கிடக்க வேண்டும். மேல் பெல்ட் கழுத்தை உரசாமல் தோளின் நடுவில் போக வேண்டும். பெரும்பாலும் உயரம் 145 செ.மீ. தாண்டிய பிறகுதான் இவையெல்லாம் பொருந்தும். சட்டப்படியான வயதும் உயரமும் நாட்டுக்கு நாடு மாறும், எல்லை தாண்டினால் அங்குள்ள விதிதான். முன் இருக்கைக்கு 13 வயது வரை காத்திருங்கள். தூங்க வசதி என்று இருக்கையை முழுக்கச் சாய்த்துவிட்டால் பெல்ட் உடம்பை விட்டு விலகிவிடும். பிரேக் அடித்ததும் பிள்ளை அதன் அடியில் வழுக்கி, பட்டை வயிற்றிலோ கழுத்திலோ மாட்டும்.

எரிபொருள் போட்டுவிட்டுப் பணம் கட்ட 2 நிமிடம். தூங்கும் பிள்ளையை எழுப்ப வேண்டுமா?

எழுப்புங்கள், அல்லது தூக்கிக்கொண்டு போங்கள். காரை விட்டு இறங்காமலே பணம் கட்ட வழியுள்ள நிலையம் என்றால் இன்னும் நல்லது.

மூடிய காரில் முதல் 10 நிமிடத்திலேயே சூடு சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறும். வெளியே இதமான 22 டிகிரி இருக்கும் நாளில்கூட ஒரு மணி நேரத்தில் உள்ளே 45 டிகிரியைத் தாண்டும். ஏறுவதில் பெரும்பகுதி முதல் அரை மணிக்குள் நடந்துவிடும். கண்ணாடியை விரற்கடை இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் இல்லை. டேஷ்போர்டும் இருக்கைகளும் வெயிலை வாங்கி அடுப்பாக மாறுவதுதான் காரணம். சின்னப் பிள்ளையின் உடம்பு பெரியவர்களைவிட 3 முதல் 5 மடங்கு வேகமாகச் சூடேறும்.

ஏ.சி.யை ஓடவிட்டுப் போவதும் தீர்வல்ல. எஞ்சின் நிற்கலாம், பிள்ளை கியரைத் தொடலாம், கதவு தானாகப் பூட்டிக்கொள்ளலாம். சாவி எப்போதும் உங்கள் உடம்பில் இருக்கட்டும், இருக்கையிலோ டிக்கியிலோ வைக்காதீர்கள். தவறிப் பூட்டிக்கொண்டு பிள்ளை துவண்டால், அவசர எண்ணை அழைத்துவிட்டு, பிள்ளைக்குத் தூரத்தில் உள்ள பக்கக் கண்ணாடியின் மூலையில் கூரான பொருளால் அடியுங்கள். நடுவில் அடித்தால் எளிதில் உடையாது.

வெயிலில் நின்ற காரில் பிள்ளையை ஏற்றுமுன் பெல்ட் கொக்கியைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். உலோகம் தோலைச் சுட்டுவிடும். இறங்கும்போதே இருக்கைமேல் வெளிர் நிறத் துணியைப் போர்த்திவிட்டுப் போவது எளிது.

கிளம்புமுன் காரில் எவற்றைப் பார்க்க வேண்டும்?

ஒரு வாரம் முன்பே பாருங்கள். முந்தைய நாள் பார்த்தால் பழுது கண்டுபிடிக்கலாம், சரிசெய்ய நேரமிருக்காது.

டயர்தான் முதலில். கார் 3 மணி நேரமாவது நின்ற பிறகு, குளிர்ந்த நிலையில் காற்றழுத்தம் பாருங்கள். எவ்வளவு வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும், முழுச் சுமைக்குத் தனி அளவு இருந்தால் அதை எடுங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அது தாங்கும் உச்ச அளவு, அதை நிரப்பாதீர்கள். வெப்பநிலை 5, 6 டிகிரி ஏறினால் அழுத்தம் ஒரு பிஎஸ்ஐ அளவு ஏறும். ஓடிச் சூடான டயர் 4 முதல் 6 பிஎஸ்ஐ கூடக் காட்டும். அதைப் பார்த்துப் பதறி வழியில் காற்றை இறக்கிவிடுகிறார்கள். மறுநாள் காலை டயர் தொய்ந்து கிடக்கும். தொய்ந்த டயர் பக்கவாட்டில் மடங்கி மடங்கிச் சூடாகித்தான் கோடையில் வெடிக்கிறது.

டயரின் மேற்பரப்பில் உள்ள பள்ளத்தின் ஆழம் குறைந்தது 1.6 மி.மீ. என்பது பல நாடுகளில் சட்ட எல்லை. நீண்ட பயணத்துக்கு 3 மி.மீ. இருந்தால் நிம்மதி. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நாலு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பள்ளம் இருந்தும் பத்து வயதான டயரோடு வெயிலில் கிளம்பாதீர்கள். ஸ்டெப்னியையும் அளந்து பாருங்கள். பல ஆண்டு தொடாமல் கிடந்து காற்றில்லாமல் இருப்பது வழக்கம். ஒல்லியான தற்காலிகச் சக்கரம் என்றால் அதற்குப் பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ, ஓட்டும் வேகம் மணிக்கு 80 கி.மீ.க்குள்.

மற்றவை சுருக்கமாக. கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்), எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, அதன் தொட்டியிலுள்ள இரு கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். வெவ்வேறு வகைகளைக் கலக்கக்கூடாது. பேட்டரிக்கு 4 ஆண்டு ஆகிவிட்டால் சோதித்துவிடுங்கள். அதைக் குளிரைவிட வெயில்தான் கொல்கிறது, செத்தது தெரியவருவது மட்டும் பிறகு. வைப்பர் ரப்பர் வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். ஏ.சி. வடிகட்டியில் தூசி அடைத்திருந்தால் பின் இருக்கைக்குக் குளிர் போகாது, பிள்ளை அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

பிள்ளையோடு தனியாக இருக்கும்போது டயர் பஞ்சரானால்?

மெதுவாக, ஹசார்டு விளக்கைப் போட்டுக்கொண்டு, சமதளமான கெட்டித் தரை வரை உருட்டிக்கொண்டு போங்கள். டயர் வீணானாலும் பரவாயில்லை, வளைவிலும் பாலத்திலும் நிற்காதீர்கள். பிறகு இந்த வரிசை:

1. பிள்ளையைப் போக்குவரத்து இல்லாத பக்கக் கதவு வழியாக இறக்கி, தடுப்புக் கம்பிக்கு அப்பால், வாகனங்கள் வரும் திசையில், காருக்குப் பின்னால் சில மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். யாராவது காரில் மோதினால் கார் முன்பக்கம் தள்ளப்படும், அந்தப் பக்கம் பிள்ளை நிற்கக்கூடாது. ஜாக்கி வைத்த காருக்குள் பிள்ளை இருக்கவே கூடாது.
2. ஹேண்ட் பிரேக், முதல் கியர் அல்லது பார்க். எதிர்மூலைச் சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். முக்கோண எச்சரிக்கைப் பலகையை 50 மீட்டர் பின்னால் வையுங்கள். வேகச் சாலையில் நடந்து போய் வைப்பதே ஆபத்து என்றால் விட்டுவிடுங்கள்.
3. சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைக் கால் சுற்று தளர்த்துங்கள். தூக்கிய பிறகு முயன்றால் சக்கரம் சேர்ந்து சுற்றும்.
4. ஜாக்கியைக் கையேடு காட்டும் இடத்தில் மட்டும் வைத்து, டயர் தரையை விட்டு எழும்பும் வரை தூக்குங்கள். கழற்றிய சக்கரத்தைக் காரின் அடியில் படுக்கப் போடுங்கள். ஜாக்கி நழுவினால் அது தாங்கும்.
5. ஸ்டெப்னியை மாட்டி நட்டுகளைக் கையால் முடுக்கி, காரை இறக்கி, எதிரெதிராகக் குறுக்கு வரிசையில் இறுக்குங்கள். 50 கி.மீ. ஓடிய பின் மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

வழியில் சிலர் நின்றுபோவது ஒரு சின்ன சாவியால். சில கார்களில் ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு நட்டு திருட்டுத் தடுப்பு நட்டு, அதைத் திறக்கத் தனி உருளை வேண்டும். பட்டறையில் விட்டபோது அது அங்கேயே தங்கிவிடும். கிளம்புமுன் டிக்கியில் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு வாசலில் ஒருமுறை எல்லா நட்டையும் தளர்த்தி இறுக்கிப் பார்த்துவிட்டால், காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிய நட்டு உங்கள் கைக்கு அசைகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

இருட்டு, மழை, ஒடுங்கிய சாலையோரம் என்றால் இதில் எதுவும் செய்யாமல் உதவி வண்டியை அழைத்துவிட்டுப் பிள்ளையோடு தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள்.

எஞ்சின் சூட்டு முள் சிவப்பைத் தொட்டால்?

ஏ.சி.யை அணைத்து, வெப்பக்காற்றை முழு அளவில் திறங்கள், கண்ணாடிகளை இறக்குங்கள். எஞ்சின் சூடு காருக்குள் வந்து கொட்டும். இருவருக்கும் கொடுமைதான், ஆனால் நிறுத்த இடம் கிடைக்கும் வரை அது எஞ்சினைக் காப்பாற்றும். நிறுத்தி அணைத்துவிட்டு அரை மணிக்குக் குறையாமல் காத்திருங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும், மூடி விலகிய நொடியில் ஆவியாகி முகத்தில் பீறிடும். ஆறிய பின் அளவு குறைந்திருந்தால் ஊற்றலாம். மீண்டும் குறைந்தால் ஒழுகல் இருக்கிறது, இழுவை வண்டிதான்.

பிள்ளைக்குக் காரில் வாந்தி வரும். என்ன செய்யலாம்?

இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரைதான் இது அதிகம். உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு "நகர்கிறோம்" என்கிறது, புத்தகத்தையோ திரையையோ பார்க்கும் கண் "அசையவில்லை" என்கிறது. இந்த முரண்தான் குமட்டல். ஓட்டுபவருக்கு வராததும் இதனால்தான், அடுத்த வளைவு அவருக்கு முன்பே தெரியும்.

ஆகவே பிள்ளை முன் கண்ணாடி வழியாகத் தூரத்தைப் பார்க்கும்படி உட்கார வேண்டும். பின் இருக்கையின் நடுவிடம் பொருந்தினால் அதுவே நல்லது. பக்கச் சன்னலில் மரங்கள் ஓடுவதைப் பார்ப்பது மோசம். கிளம்புமுன் வெறும் வயிறும் வேண்டாம், எண்ணெய்ப் பண்டமும் வேண்டாம். காருக்கான வாசனைப் பொருளைக் கழற்றி எறியுங்கள். வளைவுக்கு முன் வேகத்தைக் குறைத்து, வளைவில் ஒரே சீராகப் போங்கள். வாந்தியில் பாதி ஓட்டுபவரின் பிரேக்கிலிருந்து வருகிறது.

வாந்திக்கு முன் அறிகுறி உண்டு: பேச்சு நின்றுபோகும், கொட்டாவி வரும், முகம் வெளுக்கும், எச்சில் ஊறி அடிக்கடி விழுங்கும். "அப்பா, ஒரு மாதிரி இருக்கு" என்று சொன்னால் உங்களுக்கு அரை நிமிடம்தான் இருக்கிறது. இறுக மூடக்கூடிய பை பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அதை எப்படிப் பிடிப்பது என்று வீட்டிலேயே பழக்குங்கள், ஏனென்றால் பிடித்துவிட ஆள் இல்லை. ஈரத்துணி, துண்டு, ஒரு செட் உடை ஆகியவை டிக்கியில் வேண்டாம், இருக்கைக்கு அடியில் இருக்கட்டும்.

மருந்து தருவதானால் மருத்துவரைக் கேட்டுத் தாருங்கள். டைமென்ஹைட்ரினேட் போன்றவற்றைக் கிளம்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் தர வேண்டும், வாந்தி தொடங்கிய பின் பயனில்லை. 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தரக்கூடாது. சில பிள்ளைகளுக்குத் தூக்கத்துக்குப் பதில் படபடப்பு வரும், பயண நாளுக்கு முன்பே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அதே மாத்திரையை ஓட்டுபவர் போட்டுக்கொள்ளக்கூடாது.

வாந்திக்குப் பிறகு 10 நிமிடம் வயிற்றுக்கு ஓய்வு. பிறகு ஓரிரு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டியாக உப்பு சர்க்கரைக் கரைசல். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடக்கூடாது.

சாப்பாடு, தண்ணீர்?

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் சமைத்த உணவு 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. வெளியே 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். ஐஸ் பெட்டியில் தண்ணீர் பாட்டில்களை உறையவைத்து அடுக்கினால் ஐஸாகவும் ஆகும், உருகினால் குடிக்கவும் ஆகும். பெட்டியை டிக்கியில் வைக்காமல் ஏ.சி. படும் இடத்தில் வையுங்கள்.

ஓடும் காரில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கொட்டைகள், முழுத் திராட்சை, கடின மிட்டாய் வேண்டாம். மூச்சு அடைபடும் பிள்ளை சத்தம் போடாது. முன்னால் சாலையைப் பார்க்கும் உங்களுக்குத் தெரியவே தெரியாது. சாப்பிடுவதற்கு நிறுத்துவதுதான் பாதுகாப்பு, நமக்கும் அந்த இடைவேளை தேவை.

குடிக்கக் கொண்டுபோவது போக இருவருக்குமாக 4 லிட்டர் எப்போதும் இருப்பில் இருக்கட்டும். கழிப்பறைக்குப் பயந்து பிள்ளையின் தண்ணீரைக் குறைக்காதீர்கள். சிறுநீர் அடர்மஞ்சளானால் போதவில்லை என்று பொருள்.

அப்பாவோடு மகள், அம்மாவோடு மகன். பொதுக் கழிப்பறையில் என்ன செய்வது?

குடும்பக் கழிப்பறையோ மாற்றுத்திறனாளிகளுக்கான தனியறையோ இருக்கும் நிறுத்தங்களை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளையை உங்களோடு அழைத்துப் போங்கள். தனியே போகும் வயதென்றால் வாசலில் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள். நீங்கள் போக வேண்டியிருந்தாலும் பிள்ளை உள்ளே வர வேண்டும், காரில் காத்திருக்க வேண்டாம்.

தினமும் காலையில் பிள்ளையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காணோம் என்றால் அன்றைய சட்டை நிறம்கூடப் பதற்றத்தில் நினைவுக்கு வராது. உங்கள் கைபேசி எண்ணைப் பிள்ளையின் முன்கையில் பேனாவால் எழுதிவிடலாம்.

பிள்ளை பின்னாலிருந்து எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஓட்டிக்கொண்டே எடுத்துக் கொடுக்கலாமா?

கூடாது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் 3 நொடி பின்னால் திரும்பினால் கார் 80 மீட்டருக்கு மேல் ஓட்டுநர் பார்வையின்றிப் போகிறது. கீழே விழுந்த பொம்மை அடுத்த நிறுத்தம் வரை கீழேயே கிடக்கும் என்ற விதியை முதல் நாளே சொல்லிவிடுங்கள். முதல் நாள் அழும், இரண்டாம் நாள் பொருளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

பிள்ளையின் பக்கத்தில் கைக்கெட்டும் தொங்கு பையில் தண்ணீர், நொறுக்கு, துடைக்கும் துணி, இரண்டு மூன்று சின்ன விளையாட்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் தராமல் நாளுக்கு ஒன்றாக எடுங்கள். திரையைக் கடைசி ஆயுதமாக, மாலையில் கடைசி ஒரு மணி நேரத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஒலிக்கதைகள் அதைவிட மேல்: குமட்டாது, இருவரும் கேட்கலாம். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம் காகித வரைபடத்தைக் கொடுத்து, அடுத்த ஊர் எத்தனை கி.மீ., எத்தனை மணிக்குச் சேருவோம் என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். "எப்ப வரும்?" என்ற கேள்வி பாதியாகக் குறையும். வரைபடத்தைப் பார்ப்பதும் நின்ற இடங்களில்தான், இல்லாவிட்டால் அதுவே குமட்டும்.

எனக்கே ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளை என்ன செய்யும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. ஆறு வயதிலிருந்தே பழக்கலாம், பயமுறுத்தாமல் ஒரு விளையாட்டுப் போல.

பூட்டிய கைபேசியிலிருந்தே அவசர அழைப்பு போகும் என்பதைக் காட்டுங்கள். எந்தப் பொத்தான் என்று திரையில் தொட்டுக் காட்டி, அழைப்பை மட்டும் செய்யாமல் நிறுத்துங்கள். பயணம் போகும் பகுதியின் அவசர எண்ணை டேஷ்போர்டில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ஜிஎஸ்எம் கைபேசிகள் 112ஐ அவசர எண்ணாக அறியும், அதையும் சேர்த்து எழுதலாம். ஹசார்டு விளக்கின் சிவப்பு முக்கோணப் பொத்தானைப் பிள்ளையே அழுத்திப் பார்க்கட்டும். தன் முழுப் பெயர், உங்கள் முழுப் பெயர், கடைசியாகப் பார்த்த ஊர்ப் பலகை அல்லது கி.மீ. கல்: இந்த மூன்றைச் சொல்லத் தெரிந்தால் போதும். தானே பெல்ட்டைக் கழற்றவும், சாலைப் பக்கம் இல்லாத கதவைத் திறக்கவும் தெரிய வேண்டும். குழந்தைப் பூட்டு போட்டிருந்தால் உள்ளிருந்து திறக்காது. அப்படியென்றால் முன்பக்கக் கதவு வழியாக வரப் பழக்குங்கள்.

உங்கள் இரத்த வகை, மருந்து ஒவ்வாமை, வீட்டு எண், பிள்ளையைப் பொறுப்பேற்கக்கூடிய இன்னொருவரின் பெயர் ஆகியவற்றை எழுதிய அட்டை பிள்ளையின் இருக்கையில் ஒட்டியிருக்கட்டும். உங்கள் பணப்பையில் இருந்தால் விபத்தில் அது எங்கே பறந்தது என்று தெரியாது. மாலையில் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு வீட்டில் ஒருவரை அழைப்பதாகச் சொல்லி, அழைப்பு வராவிட்டால் அவர் என்ன செய்ய வேண்டும் என்பதையும் பேசி வைத்துவிடுங்கள்.

சாமான்களை எப்படி அடுக்குவது?

கனமானது அடியில், பின் இருக்கை முதுகை ஒட்டி. இருக்கை உயரத்துக்கு மேல் எதுவும் வேண்டாம். பின் கண்ணாடித் தட்டில் ஒன்றும் வைக்காதீர்கள். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் மோதினால் தளர்ந்து கிடக்கும் பொருள் தன் எடையைப் போல் 20, 30 மடங்கு விசையோடு முன்னால் பாயும். அரை லிட்டர் பாட்டில்கூட மண்டையை உடைக்கும். ஸ்டெப்னியும் ஜாக்கியும் மூட்டைகளுக்கு அடியில் புதைந்தால் சாலையோரத்தில் எல்லாவற்றையும் இறக்க வேண்டிவரும். அதேபோல், ஒவ்வோர் இரவுக்கும் தேவையானதை ஒரே சிறு பையில் போட்டுப் பெரிய பெட்டிகளைத் தொடாமல் விடுங்கள்.

லைட்டர், தெளிப்பான் குப்பிகள், கைபேசிக் கூடுதல் பேட்டரி, மருந்துகள் ஆகியவை வெயிலில் நிற்கும் காரில் தங்கக்கூடாது. பெரும்பாலான மாத்திரைகள் 25 அல்லது 30 டிகிரிக்குள் வைக்க வேண்டியவை.

நாட்டு எல்லை தாண்டினால்?

பிள்ளையோடு ஒரே பெற்றோர் வந்தால் மற்றவரின் சம்மதக் கடிதம் கேட்கும் நாடுகள் பல. நோட்டரி சான்றோடு, பயணத் தேதிகளும் மற்றவரின் தொடர்பு எண்ணும் உள்ள கடிதம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். குடும்பப் பெயர் வேறானால் பிறப்புச் சான்றிதழ் நகலும் வேண்டும். கார் காப்பீடு எல்லைக்கு அப்பால் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மின்சாரக் காரில் போகலாமா?

தாராளமாக. வேகச் சார்ஜரில் 80 சதவீதத்துக்கு மேல் மின்னேற்றம் மந்தமாகிவிடும், அதனால் நிரப்பிக்கொண்டு உட்காராமல் 80இல் கிளம்பி அடுத்த இடத்தில் நில்லுங்கள். அந்த நிறுத்தமும் பிள்ளைக்கு வேண்டிய இடைவேளையும் பெரும்பாலும் ஒன்றாகவே அமையும். ஒரு சார்ஜர் பழுதானால் போக இன்னொன்று எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், பேட்டரி 20 சதவீதத்துக்குக் கீழே போகும்படி திட்டம் போடாதீர்கள். எரிபொருள் காரிலும் பாதித் தொட்டி ஆனதும் நிரப்புவதே தனியாகப் போகிறவருக்குச் சரி.

திரும்பி வந்ததும் பிள்ளையின் இருக்கையை எப்படிச் சுத்தம் செய்வது?

துணி உறையைக் கழற்றித் துவைக்கலாம். பட்டைகளை ஊறவைக்கவோ, சோப்புத்தூள், பிளீச் போடவோ கூடாது, இழை பலமிழக்கும். ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள். பூட்டுக் கொக்கிக்குள் வாந்தியோ பழச்சாறோ இறங்கியிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி அலசி, சொடுக்கென்று பூட்டும் வரை அழுத்தி விடுவித்துப் பாருங்கள். எண்ணெய் விடாதீர்கள். வாடை போகாவிட்டால் மெத்தைமேல் சமையல் சோடாவைத் தூவி ஓர் இரவு விட்டு உறிஞ்சு கருவியால் எடுங்கள். மாட்டும்போது பட்டை முறுக்கிக்கொள்ளாமல் பாருங்கள், கழற்றுமுன் எடுத்த படம் ஒன்று கைபேசியில் இருந்தால் வேலை பாதி நேரத்தில் முடியும்.